வழிப்போக்கனும் கப்ருவாசிகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பக் காரியமாக டில்லிக்குப் போயிருந்தோம். காரியம் முடிந்த பிறகு இரண்டு நாள் மிச்சமிருந்தது. ஊர் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். செங்கோட்டையையும் குதுப் மினாரையும் சுற்றிவிட்டு, ஹுமாயூன் பாதுஷாவின் மக்பராவுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். சீட்டு வாங்கி உள்ளே நடந்து, செங்குத்தான படியேறி அந்தப் பெரிய மேடைக்கு வந்ததும் எனக்குக் கால் கடுத்துப் போயிற்று. மேடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் திண்டு இருந்தது. அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். “பின்னால் கும்மட்டம் நல்லா தெரியுது, அப்படியே இருங்க வாப்பா” என்று சொல்லி மகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு விடுதி அறையில் எல்லோரும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். பகலில் ஒரு வழிகாட்டி வேறொரு கூட்டத்தாருக்குச் சொன்னதை நாங்களும் நின்று கேட்டிருந்தோம். மொகலாயர் காலத்துக் கப்ருக் கற்களில், ஆண் என்றால் மேலே எழுதுகோல் பெட்டி போல ஒரு மேடு செதுக்கியிருக்கும், பெண் என்றால் எழுதும் பலகை போலத் தட்டையாக இருக்கும் என்று அவர் விளக்கினார். படத்தில் என் தொடைக்கு அருகே அந்த மேடு தெளிவாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது ஒரு முஸ்லிம் சகோதரரின் கப்ரின் மேல்.

கப்ரின் மீது உட்காருவதைவிட, நெருப்புக் கங்கின் மீது உட்கார்ந்து அது உடையை எரித்துத் தோலைத் தொடுவது மேலானது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நம் ஊர் மையவாடியில் சிறுவர்கள் கப்ரை மிதித்து ஓடினால் இதைச் சொல்லி அதட்டுகிறவன் நான்! உடல் கீழே உள்ள அறையில் இருக்கும், மேலே இருப்பது அடையாளக் கல்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனம் ஏற்கவில்லை. தெரியாமல் செய்த தவறை அல்லாஹ் மன்னிப்பான் என்ற ஆதரவு இருக்கிறது. ஆனால் ஏன் தெரியாமல் போயிற்று? மையவாடிக்குள் நுழைந்தால் என் கால் தானாகவே ஒதுங்கி நடக்கும். அங்கே ஒதுங்காததற்குக் காரணம், ஒரு கபுருஸ்தானுக்குள் நுழைகிறேன் என்ற எண்ணமே எனக்கு வராததுதான். வாசலில் சீட்டு விற்றார்கள். ஆகவே அது காட்சிசாலை என்று என் நெஞ்சு முடிவு செய்துவிட்டது.

பயணம் போகும் இடத்தில் பழங்காலத்துக் கப்ருகளைப் பார்க்கப் போகலாமா, போனால் எப்படிப் போவது என்ற கேள்வி அன்றிரவுதான் எனக்குள் எழுந்தது. இன்று நம் வீடுகளில் பயணம் பெருகிவிட்டது. உம்ராவுக்குப் போகிறவர்கள் வழியில் இஸ்தான்புல், கெய்ரோ என்று இறங்கிப் பார்த்து வருகிறார்கள். ஆக்ரா போகாத குடும்பம் அபூர்வம். பார்த்துவிட்டு வருவதில் பாதி கப்ருகள். இதைப் பற்றி நாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா?

முதலில் ஒரு சர்ச்சையை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று பள்ளிகளுக்கன்றிப் பயணச் சுமை கட்டலாகாது என்ற ஹதீஸை வைத்து, ஜியாரத்துக்கென்றே பயணம் புறப்படுவது கூடுமா என்று ஆலிம்கள் நெடுங்காலமாக வாதித்து வந்திருக்கிறார்கள். இப்னு தைமிய்யா அவர்கள் கூடாது என்றார்கள். இமாம் கஸ்ஸாலி, இமாம் நவவி போன்றவர்கள் அந்தத் தடை பள்ளிகளைப் பற்றியதே என்று கொண்டார்கள். அது ஒரு பெரிய கடல். நம் கேள்விக்கு அதில் இறங்க வேண்டியதில்லை. வேறு காரியமாக ஓர் ஊருக்குப் போனவன் அங்குள்ள கப்ருகளுக்குச் சென்று ஸலாம் சொல்வதை இரு சாராருமே தடுக்கவில்லை.

சரி, போகலாம். எதற்காகப் போவது? ஆரம்பத்தில் ஜியாரத்தைத் தடுத்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் பின்னர் அனுமதித்தார்கள். அனுமதித்தபோதே காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அது ஆகிரத்தை நினைவூட்டும் என்பதே அந்தக் காரணம். தம் தாயாரின் கப்ருக்குச் சென்றபோது அவர்கள் தாமும் அழுது, சுற்றியிருந்தவர்களையும் அழவைத்தார்கள் என்று அதே அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே அப்வாவில், கணவர் அடக்கமான ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில், ஆறு வயதுப் பிள்ளையை விட்டு மறைந்தவர் அந்தத் தாய். பயணத்தில் மௌத்தாகி, பயணப் பாதையிலேயே அடக்கமானவர். பல்லாண்டுகளுக்குப் பின் மகனார் அந்த இடத்தில் நின்று அழுதார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஹிஜ்ரி 9ல் தபூக் பயணத்தின்போது முஸ்லிம் படை அல்ஹிஜ்ர் என்ற இடத்தைக் கடந்தது. ஸாலிஹ் (அலை) அவர்களின் கூட்டத்தாரான தமூதுகள் வாழ்ந்து அழிந்த பூமி அது. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் வசிப்பிடங்களுக்குள் அழுதவர்களாக அன்றி நுழையாதீர்கள் என்று தோழர்களிடம் கூறிவிட்டு, பெருமானார் (ஸல்) அவர்கள் தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்தி அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு.

அதே இடத்தை இன்று நாம் மதாயின் ஸாலிஹ் என்கிறோம். மதீனாவுக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மணற்பாறைகளைக் குடைந்து மாளிகை முகப்புகளைப் போலச் செதுக்கிய வாசல்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றிலுள்ள கல்வெட்டுகளைப் படித்த ஆராய்ச்சியாளர்கள், இன்று கண்ணுக்குத் தெரியும் அந்த முகப்புகள் பிற்காலத்து நபத்தியர்கள் தங்கள் மையித்துகளை வைக்கக் குடைந்தவை என்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களின் காலத்தை ஒட்டியவை. மொத்தம் 111 கல்லறைகள். அவற்றில் 94 அலங்கார வேலைப்பாடு உள்ளவை. இந்தக் குகையைத் திறப்பவன்மேலும் விற்பவன்மேலும் சாபம் உண்டாகட்டும் என்று சில வாசல்களின் மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாசல்கள் இன்று வெறுமையாகத்தான் இருக்கின்றன. யுனெஸ்கோ 2008ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2019ல் சவூதி அரேபியா சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கிய பிறகு நம்மவர்களும் உம்ராவை முடித்துக்கொண்டு அங்கே போய் வருகிறார்கள்.

பூமியில் சுற்றிப் பார்த்து, பொய்யாக்கியவர்களின் முடிவு எப்படி ஆயிற்று என்று கவனிக்கும்படி அல்லாஹு தஆலா ஆலு இம்ரான் சூராவின் 137வது ஆயத்தில் கட்டளையிடுகிறான். ஆகவே பார்ப்பது குற்றமல்ல. கண்ணை மூடிக்கொண்டு போ என்று மார்க்கம் சொல்லவில்லை. எந்த நெஞ்சோடு பார்க்கிறாய் என்றுதான் கேட்கிறது. முஃமின்களின் கப்ரு என்றால் நின்று ஸலாம் சொல்; அழிக்கப்பட்டவர்களின் இடம் என்றால் நடுங்கிக்கொண்டே கடந்து போ. ஒன்றில் நிற்கிறோம், மற்றதில் விரைகிறோம். இரண்டிலும் நெஞ்சு ஒன்றுதான். தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உலாவுவதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

உலாவுவதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. அது பக்திமான்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. அன்று அந்த மேடையில் நின்றுகொண்டு பிள்ளைகளிடம், “பாருங்கள், நம்மவர்கள் கட்டியது! இந்த நாட்டை எப்படி ஆண்டிருக்கிறார்கள்!” என்று பெருமையடித்தேன். தகாஸுர் சூராவின் தொடக்கத்தை நாம் தொழுகையில் எத்தனை தடவை ஓதியிருப்போம்! பெருக்கத்தின் ஆசை உங்களைப் பராக்காக்கிவிட்டது, நீங்கள் கப்ருகளைச் சந்திக்கும் வரை என்ற பொருளில் அது தொடங்குகிறது. மரணம் வரும் வரை என்பதே பெரும்பாலோர் கொண்ட கருத்து. ஆயினும் தப்ஸீர் நூல்களில் இன்னொரு விவரமும் இருக்கிறது. இரண்டு குலத்தார் எங்களில்தான் தலைவர்கள் அதிகம் என்று போட்டியிட்டார்களாம். உயிரோடிருப்பவர்களை எண்ணி முடித்த பிறகும் போட்டி தீராமல் கபுருஸ்தானுக்கே போய், இவர் எங்கள் ஆள், அவர் எங்கள் ஆள் என்று கப்ருகளைச் சுட்டிக்காட்டி எண்ணினார்களாம். அன்று ஹுமாயூனின் மக்பராவில் நான் செய்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

அந்தப் பெருமைக்குப் பதில் அந்த இடத்திலேயே இருந்தது, எனக்குத்தான் படவில்லை. ஹுமாயூன் 1556ல் மறைந்த பின் அவர் மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய மாளிகை அது. அந்த வமிசத்தாரின் கப்ருகள் நூற்றுக்கு மேல் அங்கே இருக்கின்றன. 1857 செப்டம்பரில் டில்லி வீழ்ந்தபோது, அந்த வமிசத்தின் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜபர் தம் முன்னோரின் இந்தக் கப்ருகளுக்கிடையேதான் வந்து ஒளிந்தார், இங்கேதான் பிடிபட்டார். பாட்டனாரின் கும்மட்டம் பேரனைக் காக்கவில்லை. நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் பிழைப்புத் தேடிப் போன அந்த ரங்கூனுக்கு அவர் நாடு கடத்தப்பட்டு, 1862 நவம்பரில் மௌத்தானார். அடையாளம் எதுவும் மிஞ்சக்கூடாது என்று ஆங்கிலேயர் மண்ணைச் சமப்படுத்திப் புல்லை வளரவிட்டார்கள். 1991ல் வடிகாலுக்குத் தோண்டியபோதுதான் அந்தக் கப்ரு இருந்த இடம் தெரிய வந்தது. நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் எந்தக் கப்ரு எது என்று யாருக்கும் தெரியாது. மண்ணுக்குள் இருந்தவருக்கு அதனால் என்ன நஷ்டம்? முன்கர் நகீர் அடையாளக் கல்லைத் தேடிக்கொண்டா வருகிறார்கள்?

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கப்ரைச் சுண்ணாம்பு பூசுவதையும், அதன்மேல் கட்டுவதையும், அதன்மேல் உட்காருவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. மூன்றும் ஒரே ஹதீஸில் அடுத்தடுத்து வருகின்றன. உட்கார்ந்தது என் தவறு. கட்டியது யார் தவறு? உலகமே திரண்டு வந்து பார்க்கும் மாளிகை, கட்டியிருக்கவே கூடாத மாளிகை! தாஜ்மஹாலில் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கும் கல்லுக்கு நேர்கீழே, தாழ்ந்த அறையில்தான் உண்மையான கப்ருகள் இருக்கின்றன. ஷாஜஹானின் உரூஸ் நாட்களில் மட்டும் அந்த அறையைத் திறந்துவிடுகிறார்கள். ஆள் இல்லாத கல்லை மேலே பார்த்துவிட்டு, ஆள் இருக்கும் அறைக்கு ஒரு ஸலாம்கூடச் சொல்லாமல் திரும்புகிறோம்.

அதற்காக வேலைப்பாட்டை ரசிக்காதே என்றோ, கட்டடங்களை வெறுத்துப் பேசு என்றோ நான் சொல்லவில்லை. கல்லைச் செதுக்கிய கைகள் அல்லாஹ் கொடுத்த திறமையால் செதுக்கின. ஆனால் அதே குடும்பத்தில் வேறு விதமாக நினைத்தவர்களும் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா பேகம் 1681ல் மறைந்தார். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா வளாகத்தில் அவருடைய கப்ரு இருக்கிறது. சுற்றிலும் சலவைக்கல்தான், ஆனால் மேலே கூரையில்லை, கப்ரின் மேற்பகுதியை மூடாமல் மண்ணும் புல்லுமாக விட்டிருக்கிறார்கள். அவர் தம்பி ஒளரங்கசீப் 1707ல் மறைந்து குல்தாபாத்தில் அடக்கமானார். வானம் பார்த்த மண் கப்ரு. சலவைக்கல் தடுப்பெல்லாம் பிற்காலத்தார் வைத்தது. ஒரு தாயின் வயிற்றில் பிறந்த இந்த இருவரும் அரசியலில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். மண்ணின் விஷயத்தில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்!

அடையாளம் வைப்பதே கூடாது என்பதல்ல. பகீஉவில் முஹாஜிர்களில் முதலாவதாக அடக்கப்பட்ட உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் தலைமாட்டில் வைக்க ஒரு கல் கொண்டுவரச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். போனவரால் தூக்க முடியவில்லை. தாமே எழுந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கல்லைச் சுமந்து வந்து வைத்தார்கள். என் சகோதரரின் கப்ரை அறிந்துகொள்ளவும், என் குடும்பத்தில் மௌத்தாகிறவர்களை இவர் அருகே அடக்கவும் என்று காரணம் சொன்னார்கள். அபூதாவூதில் இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நிற்கும் பழைய மீஸான் கற்களை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். அவற்றின் அரபு எழுத்துகளைப் படித்துத்தான் நம் வரலாற்றின் பல ஏடுகளை ஆராய்ச்சியாளர்கள் மீட்டிருக்கிறார்கள். வரலாறு தெரிந்துகொள்ளப் போகிறவன் ஒரு நல்ல காரியத்துக்குத்தான் போகிறான். நுழையும்போது ஸலாம் சொல்லிவிட்டுக் குறிப்பு எடுக்கட்டும்.

பெண்கள் போகலாமா என்று வீட்டில் கேட்பார்கள். அடிக்கடி போவதைக் கண்டிக்கும் ஹதீஸ் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரர் அப்துர்ரஹ்மான் (ரலி) அவர்களின் கப்ருக்குப் போன செய்தியும் இருக்கிறது. மத்ஹபுகளுக்கிடையே விவரம் வேறுபடுகிறது. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. செருப்பைக் கழற்றுவது பற்றியும் அப்படியே. பிற சமயத்தாரின் கல்லறைத் தோட்டத்துக்குப் போக நேர்ந்தால் அங்கேயும் சத்தமும் சிரிப்பும் வேண்டாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதர் ஆயிற்றே என்று சொல்லப்பட்டதும், அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள்.

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வேறு இரண்டு ஹதீஸ்கள் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இரு என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். திர்மிதியின் அறிவிப்பில் அதோடு, உன்னைக் கப்ருவாசிகளில் ஒருவனாக எண்ணிக்கொள் என்றும் சேர்ந்து வருகிறது. வழிப்போக்கனையும் கப்ருவாசியையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். மற்றது, தட்டப்படாத துஆக்களைப் பற்றியது. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆ, பயணியின் துஆ, பிள்ளைக்காகத் தந்தை கேட்கும் துஆ.

பயணியின் துஆ! ஊரில் இருக்கும்போது எனக்கு இல்லாத ஒரு சலுகை, ரயில் ஏறியதும் என் கைக்கு வந்துவிடுகிறது. நான் போய்ச் சேர்ந்த இடத்தில் யார் கிடக்கிறார்கள்? நானூறு ஆண்டாகக் கிடக்கும் முஸ்லிம்கள். நம் ஊர் மையவாடியில் கிடப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை வந்து நிற்க ஒரு மகனோ பேரனோ இருக்கிறான். (சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் வாப்பாவின் கப்ரு வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, டில்லி போவதற்கு முன் நான் அங்கே போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.) இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இவர்களின் சந்ததி எங்கே என்றே தெரியாது. மனிதன் இறந்தால் மூன்றைத் தவிர மற்ற அமல்கள் அறுந்துபோகும் என்கிறது ஹதீஸ். அந்த மூன்றில் ஒன்று, அவனுக்காக துஆக் கேட்கும் நல்ல பிள்ளை. பிள்ளை வழியே மறைந்துபோனவர்களின் வாசலுக்கு, தட்டப்படாத துஆவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழிப்போக்கன் வருகிறான். வந்து கும்மட்டத்தின் உயரத்தைக் கேட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், போகிறார்கள். உள்ளே கிடப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாருமே வராத காட்டுக் கபுருஸ்தான்கூட இவ்வளவு ஏமாற்றத்தைத் தந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

கேட்பதற்குப் பெரிய ஓதல் எதுவும் தேவையில்லை. கப்ருவாசிகளே, உங்கள்மீது ஸலாம் உண்டாகட்டும். இன்ஷா அல்லாஹ் நாங்களும் உங்களை வந்து சேருவோம். எங்களுக்கும் உங்களுக்கும் அல்லாஹ்விடம் நல்வாழ்வைக் கேட்கிறோம் என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த ஸலாம் சிறுவர்களுக்கே மனப்பாடம். அதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. அதில் பாதுஷாவுக்கு வேறு, பணியாளுக்கு வேறு என்று இல்லை. பெயர் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

மறுநாள் எங்கள் ரயில் மாலையில்தான். காலையில் நானும் மகளும் மட்டும் மறுபடியும் போனோம். மறுபடியும் சீட்டு வாங்கினோம். படியேறி மேடைக்கு வந்த பிறகுதான் சிரமம் தெரிந்தது. ஒன்றைப் போலவே இன்னொன்று, எதில் உட்கார்ந்தேன் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகள் கைப்பேசியில் நேற்றைய படத்தை எடுத்து, கும்மட்டத்தின் கோணத்தோடு ஒப்பிட்டு, முன்னும் பின்னும் நடந்து பார்த்து, “இதுதான் வாப்பா” என்று ஒன்றைக் காட்டினாள். எழுதுகோல் மேடு இருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

“இவங்க யாரு வாப்பா?” என்றாள்.

தெரியாது என்றேன். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். நான் ஸலாம் சொன்னேன், அவளும் சொன்னாள். பிறகு அந்த மேடையைச் சுற்றி, ஒவ்வொரு கல்லாக விலகி விலகி நடந்துவிட்டு, கீழே இறங்கினோம். காலை நேரம் என்பதால் கூட்டம் அதிகமில்லை. வாசலில் சீட்டுக் கொடுப்பவர் நேற்றும் எங்களைப் பார்த்திருப்பார் போலும். ஏதாவது மறந்துவிட்டுப் போனீர்களா என்று உருதுவில் கேட்டார். ஆமாம் என்றேன்.